இத்தாலியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக டினோ ஸோஃப் தோற்ற இறுதியாட்டம் எது?

2000 யூரோ கோப்பைதான் சரி. உங்கள் குறிப்பில் 1998 உலகக் கோப்பை என்று இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. இரண்டு முறையும் இத்தாலியை வீழ்த்தியது பிரான்ஸ்தான். ஆனால் 1998இல் அது காலிறுதி, பயிற்சியாளர் செசாரே மால்தினி. ஸோஃப் அதற்குப் பிறகுதான் பொறுப்பேற்றார்.

ஸ்கோரைப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். 0-0 முடிந்து பெனால்டி ஷூட்அவுட் என்றால் 1998. 2-1, பிரான்ஸின் த்ரெசெகே அடித்த கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) என்றால் 2000, ராட்டர்டாம். அந்த ஆட்டத்தில் காயநேரம் (90 நிமிடம் முடிந்ததும் நடுவர் சேர்க்கும் நேரம்) வரை இத்தாலிதான் முன்னிலை. கடைசி நொடிகளில் பிரான்ஸின் வில்தோர் சமன் செய்தார். 40 வயதில் கேப்டனாக 1982 உலகக் கோப்பையைத் தூக்கிய ஸோஃபுக்கு இப்படி நடந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது. பிரான்ஸின் நட்சத்திர வீரர் ஸிடானைக் கட்டுப்படுத்தவில்லை என்று இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனி வெளிப்படையாகச் சாடியதும் ஸோஃப் பதவி விலகினார். மானமுள்ள மனிதர்.

ஒரு எச்சரிக்கை: இத்தாலியக் கிளப்பான யுவென்டஸுடன் அவருக்கு யூஏஃபா கோப்பை (ஐரோப்பியக் கிளப் போட்டி) இரண்டு. 1977இல் கோல்கீப்பராக, 1990இல் பயிற்சியாளராக. உங்கள் குறிப்பில் தனித்தனியாக எழுதுங்கள்.