மகது: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பத்து ஆண்டுகளாக வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம்.

பாக்தாத் தெருவில் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களைச் சுட்டுக்கொன்ற காணொளியை 2010ல் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து அதை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்தின் ஜூலியன் அசாஞ்ச் என் ஆதர்சம். அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் படம் வைத்திருந்தேன். 2024 ஜூனில் அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊர் திரும்பினார் என்று படித்ததும் மனம் விட்டுப்போயிற்று. கடைசியில் அவரும் பணிந்துவிட்டாரே! "அவன் எங்கே பத்திரிகையாளன்? திருட்டுச் சரக்கை வாங்கிக் கடை பரப்பியவன்" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எழுதக் காரணம் என் மகள். பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். இதழியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சேர்க்கலாமா? யாரை அவளுக்கு முன்னுதாரணமாகக் காட்டுவது?

நான் பணியில் இருப்பவன். பெயரைத் தவிர்க்கவும்.

(பெயர் தவிர்க்கப்பட்டது)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். "பணிந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் ஈக்வடார் தூதரகத்தின் சில அறைகளுக்குள் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள். 2019 ஏப்ரலில் அங்கிருந்து இழுத்துச் சென்று பெல்மார்ஷ் சிறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல். சிறைக்குள்ளேயே கல்யாணம். வெளியே இரண்டு சின்னப் பிள்ளைகள். அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டால் அதிகபட்சமாக 175 ஆண்டு தண்டனை. இதற்குப் பிறகு ஒரு மனிதர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் உங்களுக்கு மனம் விட்டுப்போகிறது. உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் படமாக இருப்பதற்காக அவர் உள்ளேயே செத்திருக்க வேண்டுமா? ஆதர்சங்களிடம் நாம் வசூலிக்கும் வட்டி கந்துவட்டிக்காரன் வசூலிப்பதைவிடக் கொடுமையானது.

பசிபிக் கடலில் அமெரிக்காவின் வசமுள்ள சைப்பான் தீவில் அன்று நீதிபதியின் முன் அவர் என்ன சொன்னார் என்றாவது படித்தீர்களா? பத்திரிகையாளனாக இருந்து, ரகசியத் தகவல்களைத் தரும்படி ஒருவரை ஊக்குவித்தேன் என்றார். பேச்சுக்கும் பத்திரிகைக்கும் சுதந்திரம் தருகிற, அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதைப் பாதுகாக்கிறது என்று நம்பியதாகவும், உளவுச் சட்டமும் அந்தத் திருத்தமும் ஒன்றோடொன்று முரண்படுவதாகவே இப்போதும் நினைப்பதாகவும் சொன்னார். இந்தச் சூழலில் அப்படி வாதாடி ஜெயிப்பது கடினம் என்பதை ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான். பணிந்தவன் பேச்சா இது?

உங்கள் நண்பர்களின் கேலிக்கு அதிக நேரம் செலவிட மாட்டேன். அசாஞ்ச் மீதான 18 குற்றச்சாட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் கணினிக்குள் நுழையச் சதி செய்தது பற்றியது. மற்ற 17ம் 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ், ஆவணங்களைப் பெற்றதற்கும் வெளியிட்டதற்கும். அமெரிக்கத் தூதரகங்களின் ரகசியத் தந்திகளை அன்று வெளியிட்டவர் அவர் மட்டுமல்ல, நியூயார்க் டைம்ஸ், கார்டியன், லு மோந்த், டெர் ஷ்பீகல், எல் பாயிஸ் எல்லாரும்தான். ஒபாமா காலத்து நீதித்துறை வழக்குப் போடத் தயங்கியதற்கு அதுவே காரணம். இவரைப் பிடித்தால் அவர்களையும் பிடிக்க வேண்டும். டிரம்ப் காலத்தில் அந்தத் தயக்கம் போயிற்று. பெயர்களை மறைக்காமல் 2011ல் தந்திகளை மொத்தமாகக் கொட்டியது தவறு என்றே நானும் நினைக்கிறேன். அந்த ஐந்து பத்திரிகைகளும் அதைக் கண்டித்தன. அதே ஐந்தும் 2022ல் சேர்ந்து, வெளியிடுவது குற்றமல்ல, வழக்கைக் கைவிடுங்கள் என்று கடிதம் எழுதின. கண்டிக்கவும் வேண்டும், கூட நிற்கவும் வேண்டும். உங்கள் நண்பர்களுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும் போலிருக்கிறது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. சில நாட்களாகவே "ஏன்" என்ற ஒரு சொல் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் சரியாக அதில் வந்து மோதியது.

டேனியல் எல்ஸ்பெர்க் பற்றிப் படித்திருப்பீர்கள். வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசு தன் மக்களிடம் என்னென்ன பொய் சொன்னது என்பதற்கு அரசே எழுதிவைத்த ஆதாரம், 7,000 பக்கம். 1969ல் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஜெராக்ஸ் எந்திரத்தில், இரவுகளில், ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்து நகலெடுத்தார். ஒரு நாள் பதின்மூன்று வயது மகன் எந்திரத்தை இயக்கினான். இன்னொரு நாள் பத்து வயது மகள் தாள்களின் தலையிலும் காலிலும் இருந்த "அதிரகசியம்" என்ற வரியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். ஒரு நாட்டின் அதிரகசியம் தரையில் காகிதத் துணுக்குகளாக விழுந்து கிடப்பதை யோசித்துப் பாருங்கள். 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தடுக்கப் பார்த்த அரசை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று திருப்பி அனுப்பியது. பத்திரிகை தப்பித்தது. கொண்டுவந்து கொடுத்தவர் மீது 115 ஆண்டு தண்டனைக்கான வழக்கு.

அந்த வழக்கில் எல்ஸ்பெர்க் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சலிக்காத ஒரு காட்சி உண்டு. கூண்டில் நிற்கிறார். அவருடைய வழக்கறிஞர் கேட்கிறார்: இந்த ஆவணங்களை ஏன் நகலெடுத்தீர்கள்? அரசுத் தரப்பு உடனே எழுந்து ஆட்சேபிக்கிறது. ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தான் ஏன் செய்தேன் என்று ஜூரிக்குச் சொல்லக்கூடாத வழக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார் வழக்கறிஞர். இப்போது கேள்விப்படுகிறீர்களே என்கிறார் நீதிபதி.

இதுதான் ஐயா அந்த உளவுச் சட்டம். எடுத்தாயா, கொடுத்தாயா, இந்த இரண்டு கேள்விதான் அதற்குத் தெரியும். எடுத்த தாளில் இருப்பது உண்மையா என்று கேட்காது. ஏன் எடுத்தாய் என்று கேட்காது. எதிரிக்கு விற்றவனும் ஊருக்குச் சொன்னவனும் அதன் முன்னால் ஒன்று. எல்ஸ்பெர்க் விடுபட்டதுகூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அல்ல. அவருடைய மனநல மருத்துவரின் அறையை உடைத்து நுழைய நிக்சனின் ஆட்கள் போனது அம்பலமாகி, அரசின் யோக்கியதை சந்தி சிரித்து, 1973 மே மாதம் வழக்கைத் தள்ளினார்கள். 2020ல், எண்பத்தொன்பது வயதில், லண்டனில் நடந்த அசாஞ்ச் விசாரணைக்குக் காணொளி வழியே சாட்சி சொன்னார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தும் அதே குறை: ஏன் என்று சொல்ல என்னை விடவில்லை.

நீங்கள் தூங்காத அந்த இரவையும் இங்கே வைத்துப் பாருங்கள். 2007 ஜூலை 12. செத்தவர்களில் இரண்டு பேர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள். அடிபட்டவரைத் தூக்க வந்த வேனுக்குள் இரண்டு குழந்தைகள். அதன் மீதும் சுட்டார்கள். அந்தக் காணொளியைத் தகவல் உரிமைச் சட்டப்படி ராய்ட்டர்ஸ் கேட்டது, கிடைக்கவில்லை. அதைக் கொடுத்த செல்சி மேனிங் என்ற இருபத்திரண்டு வயதுப் படை வீரருக்கு 35 ஆண்டு தண்டனை. ஏழு ஆண்டுகள் உள்ளே இருந்த பிறகு ஒபாமா தண்டனையைக் குறைத்தார். அசாஞ்சுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்றதற்காக 2019ல் மறுபடி சிறை. சுட்டவர்கள் மீது வழக்கு இல்லை. படம் எப்படி வெளியே போனது என்பதற்குத்தான் வழக்கு.

எப்படி வெளியே போனது. இந்தக் கேள்வியை நான் வேறொரு இடத்தில், தமிழில், தட்டச்சில் பார்த்திருக்கிறேன்.

1986. நெல்லைப் பக்கம் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் நான் புரூஃப் ரீடர். வயது இருபத்தொன்று. ஈய எழுத்தில் கோர்த்து அடிக்கிற காலம். ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவர் (அண்ணாச்சி என்றே சொல்கிறேன்) ஒரு நாள் சாயங்காலம் தூக்குவாளியைத் திறந்து, மேல் தட்டை எடுத்து, அடியில் மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்தார். புளிக்குழம்பு வாசனை அடித்தது. ஒரு குளத்தின் மதகைப் புதிதாகக் கட்டியதாகப் பில் போட்டுப் பணம் எடுத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்த அதிகாரி அங்கே பழைய மதகுதான் இருக்கிறது என்று எழுதிய குறிப்பின் கார்பன் நகல் அது. "நம்ம வயக்காட்டுக்குத் தண்ணி அந்தக் கொளத்துலருந்துதான் தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

குறிப்பை அப்படியே மேற்கோளாகப் போட ஆசிரியர் முடிவு செய்தார். அதில் ஒரு வரியில் "மதகு" என்பது "மகது" என்று தட்டச்சாகியிருந்தது. கம்பாசிட்டர், என் அப்பா வயசுக்காரர், "தம்பி, இது மதகுல்லா? திருத்திரட்டா?" என்று கேட்டார். மேற்கோளில் கை வைக்கக்கூடாது என்று எங்கோ படித்துவிட்டு வந்த திமிர் எனக்கு. "மூலத்துல எப்படி இருக்கோ அப்படியே விடுங்க" என்றேன். மகது என்றே அச்சானது.

மேல் நகலில் தட்டச்சர் ரப்பரால் அழித்துத் திருத்தியிருந்தார். இரண்டாம் நகலில் பேனாவால் திருத்தியிருந்தார். மூன்றாம் நகலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நகல் இருந்தது அண்ணாச்சியின் அலமாரியில். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற இளம்பெண்ணை 2017ல் பிடித்த கதையைப் படித்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு வந்த ரகசிய அறிக்கை அசல்தானா என்று சரிபார்க்க, செய்தி நிறுவனம் அதன் நகலை அரசிடமே காட்டியிருக்கிறது. தாளில் மடிப்பு தெரிந்தது. அப்படியானால் அச்செடுத்து மடித்து வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். அச்செடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் ஆறே பேர். அவர்களில் ஒருவர் அவர். 63 மாதச் சிறை. அசாஞ்ச் ஹேக்கரா பத்திரிகையாளரா என்று விடிய விடியப் பேசுகிற நாம், வாங்கிய இடத்தில் இருந்தவர்களின் கவனக்குறைவால் உள்ளே போனவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. நானும் பேசியதில்லை. இதுதான் முதல் தடவை.

அண்ணாச்சிக்கு அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17(பி)யின்படி சார்ஜ் மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதித் தரச் சொல்லி அவர் வந்தது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம்தான். "நீங்க தமிழ் நல்லா எழுதுவீங்களே தம்பி." மெமோவில் மூன்று குற்றச்சாட்டு. அனுமதியின்றி அலுவலக ஆவணத்தை வெளியே எடுத்துச் சென்றது, அதை வெளியாருக்குக் கொடுத்தது, அலுவலகத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது. மதகு என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. நான் இரவெல்லாம் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். குளம், தண்ணீர், மக்கள் பணம், மனசாட்சி, எல்லாம். படித்துப் பார்த்தார். நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "நல்லாதான் இருக்கு தம்பி. ஆனா ஏன்னு அவங்க கேக்கலையே. கேட்டதுக்கு மட்டும்லா எழுதணும்."

ஊதிய உயர்வை வெட்டினார்கள். தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். மகது பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இங்கே வந்து "இடிப்பாரை இல்லாத" என்று யாரும் குறளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். அது அமைச்சர் அரசன் காதில் சொல்வது. எழுத்தர் ஊருக்குச் சொல்வதற்கு நம் தெருவில் உள்ள சொல் "காட்டிக்கொடுத்தவன்" மட்டும்தான். சட்டமும் தெருவும் இதில் ஒரே கட்சி. நம்மிடமும் 1923ஆம் வருஷத்து அரசு ரகசியச் சட்டம் இருக்கிறது. ரஃபேல் போர் விமான ஒப்பந்த ஆவணங்களை இந்து நாளிதழ் வெளியிட்டபோது, 2019 மார்ச்சில், அவை திருடப்பட்டவை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, திருடுபோகவில்லை, நகலெடுத்திருக்கிறார்கள் என்றார். நகல் என்றதும் எனக்கு மூன்றாம் நகல் ஞாபகம் வந்தது, என்ன செய்ய? அந்த ஆவணங்களைப் பார்க்கக்கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை நீதிமன்றம் ஏப்ரலில் ஏற்கவில்லை. நல்லது. ஆனால் தகவல் சொல்பவர்களைப் பாதுகாக்க 2014ல் நிறைவேறிய சட்டம், நான் இதை எழுதும் நாள்வரை அமலுக்கு வரவில்லை.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேருங்கள். முன்னுதாரணம் எல்லாம் அவளே தேடிக்கொள்வாள், உங்கள் மேசைக் கண்ணாடியைக் காட்டாதீர்கள். முதல் வேலையில் யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தால், அந்தத் தாளைப் படிப்பதற்கு முன் கொண்டுவந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன, ஊர் தெரிகிற மாதிரி ஒரு சொல்லும் இருந்தது. நான்கையும் திருத்தியிருக்கிறேன்.