எட்டு ஃபிளாட்டா, நான்கா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டில் அப்பா கட்டிய பழைய வீடு எங்களுடையது. பாதிக்குப் பாதி பங்கு என்று பில்டர் ஒருவர் பேசுகிறார். கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு தளம், மொத்தம் எட்டு ஃபிளாட். கிணற்றை மூடிவிடுவாராம். அண்ணனுக்குச் சம்மதம், எனக்குத் தயக்கம். எங்கள் தெரு எட்டுக் குடும்பங்களைத் தாங்குமா? வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, சென்னை-33

பதில்: தெரு எப்படியாவது தாங்கிவிடும். அந்த வரைபடத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, இரண்டு. முன்பு ஒன்றரைதான். ஆக, 3,600 சதுர அடி கட்டிய மனையில் இன்று 4,800 கட்டலாம். உங்கள் பில்டர் அதைத் தளத்துக்கு 1,200 என்று பிரித்து, இரண்டிரண்டு வீடுகளை அடைத்திருக்கிறார். 600 சதுர அடியில் சுவரும் படிக்கட்டும் போக மிஞ்சும் இடத்தில் இரண்டு படுக்கையறையாம்! கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது. தளத்துக்கு ஒரே வீடாகக் கட்டினாலும் உங்கள் பங்கு அதே 2,400 சதுர அடிதான். எஃப்.எஸ்.ஐ. கட்டடத்தை அளக்குமே தவிர, குடும்பங்களை எண்ணாது. எட்டு வீட்டுக் கார்களையும் தூண்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். வரைய முடியாதவை உங்கள் வாசலில்தான் நிற்கும்.

ஊர் வளரும்போது வீடுகள் நெருங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய இடத்தில் ஒரு வீடு இருந்த மனையில் நான்கு வீடுகள் வருவது நல்லதுதான்.

நடுவே 'ஓ.டி.எஸ்.' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, பார்த்தீர்களா? வானம் பார்த்த அந்த இடைவெளியில்தான் எல்லாச் சமையலறை சன்னல்களும் குளியலறை சன்னல்களும் திறக்கின்றன. முதல் தளத்தில் மிளகாய் தாளித்தால் நான்காம் தளத்தில் தும்முவார்கள். தளத்துக்கு ஒரு வீடு என்றால் சமையலறையை வெளிச்சுவர்ப் பக்கம் கொண்டுபோக இடம் கிடைக்கும்.

கிணற்றை மூட விடவே விடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் இங்கே கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீரைச் சரளைக்கல் வடிகட்டி வழியாகக் கிணற்றில் இறக்கினால் புதிதாகப் பள்ளம் தோண்டும் செலவும் குறையும். அங்கே தூண் வருகிறது என்பார் பில்டர். தூணை நகர்த்த வழி காண்பது அவருடைய இன்ஜினீயரின் வேலை.

நான்கு வீட்டுக்கு இன்னொரு வரைபடம் கேட்டு வாங்கி, இரண்டையும் அண்ணன் முன் விரித்து வையுங்கள். அதுவரை பவர் பத்திரத்தில் இருவருமே கையெழுத்துப் போட வேண்டாம்.