ஜூரிக்கு அழைப்பாணை வந்திட்டுது, பெயரை வெட்ட ஆளைப் பிடிக்கலாமா?

உப்புவெளியில இருந்து ஒரு டீச்சர் தங்கச்சி கேட்டிருக்கா. கொலை வழக்கொண்டுக்கு ஜூரியா (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லுற பொதுசனத்தில ஒராளா) வரச்சொல்லி திருகோணமலை மேல் நீதிமன்ற அழைப்பாணை வீட்டுக்கு வந்திருக்காம். உன்ட வாயால ஒரு மனுசன் தூக்குக்குப் போனா அந்தப் பாவம் பிள்ளையளுக்குத்தான் எண்டு அம்மா அழுறாவாம். இதுக்குள்ள கோர்ட் வாசலில நிக்கிற ஒருத்தர், 15,000 தாங்கோ, லிஸ்டில இருந்து பெயரை வெட்டித் தாறன் எண்டிருக்கார். குடுக்கலாமா எண்டுதான் கேள்வி.

ஒரு சதமும் குடுக்காதீங்கோ தங்கச்சி. ஒரு ஜூரியை விடுறதும் வைக்கிறதும் நீதிபதியின்ட கையில, அந்தாளுக்கு லிஸ்டோட ஒரு சம்பந்தமும் இல்ல. காசைக் குடுத்திட்டு வெட்டியாச்சு எண்டு நம்பி நீங்க வீட்டில இருந்தா, அண்டைக்குப் பெயர் கூப்பிடுவாங்க, ஆள் இல்ல, தண்டப்பணம் உங்களுக்குத்தான் வரும், அவருக்கு வராது. இதைவிட மோசம் என்னெண்டா, இப்பிடியான ஆக்கள் அடுத்ததா எதிரியின்ட, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின்ட, வீட்டுக்குப் போய் அந்த டீச்சர் நம்மட ஆள்தான் எண்டு சொல்லி அங்கயும் காசு கறப்பாங்க, உங்களுக்குத் தெரியாமலே உங்கட பெயர் லஞ்சக் கதையில விழுந்திடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து வாற ஏழைச் சனத்தை இந்தத் தரகர்மார் படுத்துற பாடு எனக்கு நல்லாத் தெரியும், கோர்ட்டுக்குள்ள விளக்கம் சொல்ல ஒரு உத்தியோகத்தரைப் போட்டிருந்தா இவங்களுக்கு அங்க வேலையே இருக்காது.

உண்மையா வருத்தம் இருந்தா, கைக்குழந்தை இருந்தா, கோர்ட் ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு கடிதம் எழுதி மெடிக்கலையும் சேர்த்துக் குடுங்கோ, அண்டைக்குப் போய் நீதிபதியிட்ட வாயாலயும் சொல்லுங்கோ. அதுக்கு ஒரு செலவும் இல்ல.

இனி அம்மாவின்ட பயம். ஜூரி தண்டனை குடுக்கிறதில்ல. 7 பேர் இருப்பீங்க, சாட்சியைக் கேட்டு எதிரி அதைச் செய்தாரா இல்லையா எண்டு மட்டும் சொல்லுவீங்க, குறைஞ்சது 5 பேர் ஒத்துப்போகவேணும், 4க்கு 3 எண்டு வந்தா அது தீர்ப்பே இல்ல. தண்டனை நீதிபதியின்ட பொறுப்பு. கொலைக்கு மரண தண்டனை எண்டுதான் சட்டத்தில கிடக்கு, ஆனா 1976க்குப் பிறகு இந்த நாட்டில ஒருத்தரையும் தூக்கில போடேல்ல, இதை அம்மாவுக்குச் சொல்லுங்கோ. சந்தேகம் நியாயமா இருந்தா விடவேணும் எண்டுதான் சட்டமே சொல்லுது. பிழையா முடிவெடுத்தாலும் அப்பீல் கோர்ட் இருக்கு, உங்களை ஒருத்தரும் பிடிக்கேலாது.

ஒரு விசயத்தை மட்டும் விளக்கமாச் சொல்லவேணும், தெரிஞ்ச ஆள் எண்டா என்ன செய்யிறது. நம்மட ஊர் சின்ன ஊர். எதிரி உங்கட சித்தப்பாவின்ட மருமகனா இருக்கலாம், செத்தவரின்ட மகள் உங்களிட்டப் படிச்சிருக்கலாம், சாட்சி சொல்ல வாறவர் உங்கட கோயில் நிர்வாகமா இருக்கலாம். சத்தியம் செய்யிறதுக்கு முன்னம் எழும்பி நிண்டு, ஐயா எனக்கு இவரைத் தெரியும் எண்டு சொல்லுங்கோ. கடையில கண்டு தலையாட்டினது மாதிரி எண்டாலும் சொல்லுங்கோ, அது பெரிசா சின்னதா எண்டு நீதிபதி பார்ப்பார், நீங்க கணக்குப் போடவேண்டாம். வழக்கு நடக்கேக்கதான் ஆளை அடையாளம் கண்டீங்க எண்டா அண்டைக்கே ஒரு துண்டில எழுதி கோர்ட் உத்தியோகத்தரிட்டக் குடுங்கோ. பக்கத்து ஜூரியிட்ட குசுகுசுக்க வேண்டாம்.

வழக்கு முடியிற வரைக்கும் அதைப்பற்றி வீட்டிலயும் ஸ்டாஃப் ரூமிலயும் ஒரு கதையும் வேண்டாம். ஃபேஸ்புக்கில தேடவேண்டாம், சம்பவம் நடந்த இடத்தைத் தனியப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், தேவையெண்டா கோர்ட்டே கூட்டிக்கொண்டு போகும்.

ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, குமாரபுரம் நம்மட மாவட்டம். 1996 பெப்ரவரியில அங்க தமிழ்ச் சனத்தைக் கொண்டதெண்டு இராணுவத்தினர் மேல நடந்த வழக்குக்கு 2016 ஜூலையிலதான் தீர்ப்பு வந்தது, அதுவும் அநுராதபுரத்தில, சிங்களம் பேசுற ஜூரிக்கு முன்னால, எல்லாரும் விடுதலை. 20 வருசம் சனத்தை இழுத்தடிச்ச முறை இது. எந்த மொழி ஜூரி எண்டு எதிரிதான் தெரிவு செய்யிறது. தமிழ் ஜூரி கேட்டு இங்கயே ஒரு வழக்கு நடக்கேக்க படிச்ச ஆக்கள் காசு குடுத்து நழுவினா அந்தக் கதிரையில ஆர் வந்து இருப்பாங்க எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அண்டைக்கு அடையாள அட்டையையும் அழைப்பாணையையும் கொண்டு வெள்ளனவே போங்கோ. பள்ளிக்கூடத்துக்கு அழைப்பாணையின்ட கொப்பி ஒண்டு முன்கூட்டியே குடுங்கோ. அந்தத் தரகர் திரும்பவும் ஃபோன் எடுத்தா நம்பரைக் குறிச்சு ரிஜிஸ்ட்ராரிட்டச் சொல்லுங்கோ.