கேளுங்க அண்ணாச்சி: வானத்தில் பிரேக் கிடையாது

(பாளையங்கோட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விமானி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: அண்ணாச்சி, வாகைக்குளத்தில் ஏறி சென்னைக்குப் போனேன். இறங்குகிற நேரத்தில் விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னலில் பார்த்தால் கீழே இன்னொன்றும் சுற்றுகிறது! வண்ணார்பேட்டையில் பஸ்கள் முண்டுவது போல அங்கேயும் ஆகிவிடாதா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பயப்படாதீங்க தாயி. அது உங்களுக்கு 1,000 அடியாவது கீழே இருந்திருக்கும். ஓடுபாதை கிடைக்கும்வரை இப்படி அடுக்கடுக்காகச் சுற்ற விடுவார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிஷம். கீழே இருப்பது இறங்கப் போனதும் மேலே இருப்பது ஒரு படி இறங்கும். ஆனால் வண்ணார்பேட்டை டிரைவருக்குப் பிரேக் இருக்கிறது. எங்களுக்கு நின்று யோசிக்க வழியில்லை. யோசிப்பதையெல்லாம் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

திருச்சி தாண்டியதுமே நான் துணை விமானியோடு எல்லாவற்றையும் பேசிவிடுவேன்: எந்த ஓடுபாதை, எந்த வழி, இறங்க முடியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறுவது. 10,000 அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது, டீயும் கிடையாது. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் ரேடியோவைப் பார்த்துக்கொள்வார். கடைசி நேரத்தில் "ஓடுபாதை மாறிவிட்டது" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அதுதான் வம்பு. கம்ப்யூட்டரைத் தட்ட இரண்டு பேரும் குனிந்துவிட்டால் வெளியே பார்ப்பது யார்? முடியவில்லை என்றால் இன்னொரு சுற்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கேட்கக் கூச்சப்படுகிற விமானியோடு பறக்கத்தான் எனக்குப் பயம்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் இன்னும் கீழே இறங்கிவிட்டது. எதிரே 14,000 அடியில் சவுதி விமானம். அப்புறம்தான் விமானங்கள் மோதிக்கொள்ளாமல் எச்சரிக்கிற டிகாஸ் (TCAS) கருவி இங்கே கட்டாயமானது. இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றில் 'ஏறு' என்றும் மற்றதில் 'இறங்கு' என்றும் சத்தமாகவே சொல்லும். கட்டுப்பாட்டு அறை வேறு மாதிரி சொன்னாலும் அப்போது கருவி பேச்சைத்தான் கேட்க வேண்டும். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ரஷ்ய விமானத்தில் கருவி 'ஏறு' என்றது, கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றார். இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் போய்விட்டார்கள்.

கேள்வி: மகன் பைலட் பயிற்சியில் இருக்கிறான். சின்ன விமானத்தில் டிகாஸ் கருவி இல்லையாமே?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: பெரும்பாலும் இருக்காது. கண்தான் கருவி. கண்ணாடியில் குறுக்கே நகர்ந்து போகிற விமானத்தால் தொந்தரவில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நின்று, பெரிதாகிக்கொண்டே வருகிற புள்ளிதான் நம்மேல் வருவது. அசையாததால் கண்ணிலும் சட்டென்று படாது. ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஒரு முழு விமானமே மறைந்துகொள்ளும். தலையை அப்படி இப்படி அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.