பிரித்த ஸ்வெட்டரும் திறந்து வைத்த கதையும்

கேள்வி: 2020 ஊரடங்கில் பின்னிக்கொண்டே நிறையப் படித்ததாக முன்பு ஒரு பதிலில் சொல்லியிருந்தீர்கள், அக்கா. எனக்கு நாலு வரி படிப்பதற்குள் கை போனுக்குப் போய்விடுகிறது. பின்னல் ஓரளவு தெரியும். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: மார்ச் 25 முதல் 21 நாள் ஊரடங்கு என்றபோது என்னிடம் இருந்தது ஒன்றரை உருண்டை உல்லன் நூல். குன்னூரில் நூல் கடையெல்லாம் அடைத்தாயிற்று. மூன்றாம் நாளே நூல் தீர்ந்தது. பீரோவில் என் வீட்டுக்காரரின் பழுப்பு ஸ்வெட்டர் முழங்கை நைந்து கிடந்தது. அதைப் பிரித்தேன்.

பிரிக்கவும் பக்குவம் வேண்டும், தங்கச்சி. முதலில் பக்கத் தையலைப் பிரித்து, கையையும் உடம்பையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அப்புறம் பின்னி முடித்த கழுத்துப் பக்கத்து முனையைப் பிடித்து இழுத்தால் வரிவரியாக ஓடிவரும். ஆரம்பித்த பக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். வரும் நூல் சுருள்சுருளாக இருக்கும்; அப்படியே பின்னினால் கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் வளையங்கள், ஒன்றுபோல் அமையாது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்திவிட்டு, நிழலில் தொங்கவிட வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் காய இரண்டு நாள் ஆனது. ஆனால் நூல் நீண்டு, மெத்தென்று வந்தது.

சரி, படிப்புக்கு வருகிறேன். பூ டிசைன், ஜடைபோல் முறுக்கி வரும் கேபிள் டிசைன் எல்லாம் எண்ணிப் போடுபவை, புத்தகத்தோடு ஒத்துவராது. இரண்டு பக்கமும் நிட் என்கிற நேர்க்கண்ணி மட்டுமே போடும் சாதாரணப் பின்னலுக்குக் கண் தேவையில்லை. அடுத்த கண்ணியை விரல் நுனியே தேடிக்கொள்ளும். 8-ஆம் நம்பர் ஊசியில் 40 கண்ணி ஏற்றி ஒரு மஃப்ளர் தொடங்குங்கள்.

நான் முதலில் எடுத்தது, அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகளை. பைண்டிங் இறுக்கம், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். துணி கிளிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது. பிறகு மகனின் பழைய டேப்லெட்டைக் கேழ்வரகு டப்பாவில் சாய்த்துவைத்தேன். தன்னார்வலர்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதும். வரி முடிந்து ஊசி மாற்றும்போது சுண்டுவிரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

போனுக்கும் இதுவே வழி. இரண்டு கையிலும் ஊசி இருக்கிறது. எடுக்க நினைத்தாலும் வரியை முடித்தாக வேண்டும், அதற்குள் கதை உங்களை இழுத்துவிடும். அப்போது டிவியில் தினமும் சாயங்காலம் தொற்று எண்ணிக்கை வரும். மகன் சென்னையில் தனியாக இருந்தான். அந்த நேரத்தில் என்னை நிலைகொள்ள வைத்தது இந்த மஃப்ளரும் கதையும்தான்.

கண்ணி நழுவினால் பதறாதீர்கள். கதை சூடுபிடித்த இடத்தில் எனக்கும் ஒன்று நழுவி, பின்னலில் நாலு வரி தள்ளித்தான் கண்ணில் பட்டது. முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை ஒரு வரிக்கு முன்பக்கமாகவும் அடுத்த வரிக்குப் பின்பக்கமாகவும் விட்டு, ஏணி ஏறுவதுபோல் மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.