ஆட்டிசம் அறிக்கையில் வரும் சொற்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஜொகனஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் பேச்சுப் பயிற்சியாளர். எந்தச் சொல்லைக் கேட்டாலும் "இதனால் என் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

மகளுக்கு 22 மாதம். கிளினிக்கில் எம்-சாட் கேள்வித்தாள் நிரப்பியதும் "ஹை ரிஸ்க்" என்றார்கள். ஆட்டிசம் உறுதியா? (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாய்)

இல்லை அம்மா. அது ஸ்கிரீனிங். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள். மொத்த மதிப்பெண் எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் ஹை ரிஸ்க். யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. 2014இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கேள்வித்தாளுக்குப் பிறகு நடந்த கூடுதல் விசாரணையிலும் ஐயம் நீங்காத குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. அதனால் "கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சி விவரம் எழுதும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

அக்கா மகனுக்கு அன்று "ஆஸ்பெர்கர்" என்றார்கள். என் மகனுக்கு இப்போது "லெவல் 2" என்கிறார்கள். எது மோசம்? (லெனேஷியாவிலிருந்து ஒரு தந்தை)

இரண்டையும் ஒப்பிட வேண்டாம். மருத்துவர்கள் மனநல, வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் வந்தது. அது ஆஸ்பெர்கர் போன்ற தனிப்பெயர்களை நீக்கி, எல்லாவற்றையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒன்றில் சேர்த்தது. லெவல் 1, 2, 3 என்பது எவ்வளவு உதவி தேவை என்பதைச் சொல்கிறது, அறிவை அளப்பதில்லை. பழகிப் பேசுவதில் ஒரு லெவலும், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் வேறொரு லெவலும் இருக்கலாம். காலப்போக்கில் மாறவும் செய்யும்.

பேரன் டிவி விளம்பரத்தை அப்படியே ஒப்பிக்கிறான், கேட்டதற்குப் பதில் இல்லை. "எக்கோலாலியா" என்றார்கள். டேப்லெட்டில் படம் தொட்டுப் பேசப் பழக்குகிறார்கள். வீட்டில் தமிழை விட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார்கள். (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி)

பாட்டி, உங்கள் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் எக்கோலாலியா. அதை அர்த்தமற்ற பேச்சு என்று ஒதுக்காதீர்கள். ஜூஸ் விளம்பரத்தை அவன் எப்போது சொல்கிறான் என்று பாருங்கள். தாகம் எடுக்கும்போது என்றால், அவன் உங்களிடம் கேட்டுவிட்டான். ஜூஸைக் கொடுத்து, "ஜூஸ் வேணும்" என்று அவன் சார்பில் நீங்களே சொல்லுங்கள்.

டேப்லெட், படஅட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏஏசி என்று பெயர். அதைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு நின்றுவிடுமோ என்று பல குடும்பங்கள் பயப்படுகின்றன. அப்படி நிற்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவே செய்திருக்கிறது.

தமிழை விடாதீர்கள். இருமொழி வீடுகளில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்குவதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியை நிறுத்தினால் அவனோடு பேசும் பேச்சே குறைந்துபோகும். அவனுக்கு அதுதான் பெரிய இழப்பு.

காவடி நாளில் மேளம் கேட்டதும் மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அடமா? (டோங்காட்)

அடம் இல்லை. சென்சரி ஓவர்லோடு, அதாவது சத்தம் அவனால் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் போட்டு, மேளத்துக்குத் தள்ளி நில்லுங்கள். போதும் என்று அவன் காட்டினால் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

வாரம் 40 மணி நேரம் ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சி கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் "சரியாகிவிடுவார்கள்" என்று ஒருவர் சொன்னார். கடன் வாங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கடன் வாங்க வேண்டாம். அந்தக் கணக்கு 1987இல் கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து தேறினார்கள். ஆனால் யாருக்கு எந்தப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை, அதனால் பயிற்சிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடிப்பதும்கூட இருந்தன. இன்றைய ஏபிஏ பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, செய்ததும் பாராட்டுவதுதான் அதன் அடிப்படை. விளையாட்டுக்குள்ளேயே கற்பிக்கும் புதிய முறைகளும் வந்திருக்கின்றன. அப்படியும், சிறுவயதில் ஏபிஏ பெற்று வளர்ந்த சிலர், கண்ணைப் பார்க்கவும் கையை ஆட்டாமல் இருக்கவும் கட்டாயப்படுத்தியது தங்களைக் காயப்படுத்தியது என்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். இலக்குகளைக் கேட்டுப் பாருங்கள்: பசியைச் சொல்லப் பழக்குகிறார்களா, இல்லை சும்மா உட்காரப் பழக்குகிறார்களா? பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்பவர்களிடம் எச்பிசிஎஸ்ஏ (சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் மன்றம்) பதிவு எண்ணையும் கேளுங்கள்.

"கிளினிக்கல் ட்ரையலில் நிரூபித்தது" என்று ஒரு மருந்து விற்கிறார்கள். நம்பலாமா? (டர்பன்)

யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். 1998இல் செக்ரெட்டின் என்ற ஊசி போட்டு மூன்று பிள்ளைகள் முன்னேறியதாகச் செய்தி வர, பெற்றோர்கள் உலகெங்கும் அதைத் தேடினார்கள். மறு ஆண்டு ஒரு பிரிவுக்கு மருந்தும் இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பிரிவும் ஒரே மாதிரி முன்னேறின. அந்த உப்புநீர்தான் பிளாசிபோ. பிள்ளை வளர்வதாலும், நாம் ஆசையோடு கவனிப்பதாலும் முன்னேற்றம் தெரியும். ஒப்பிட ஒரு பிரிவு இல்லாவிட்டால் மருந்து என்ன செய்தது என்று சொல்லவே முடியாது. உடம்பிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன் பக்கமே போகாதீர்கள். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் அதனால் இறந்தான்.

ஆட்டிசம் என்று சான்றிதழ் இருந்தால் கேர் டிபெண்டன்சி கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடைத்துவிடுமா? (சாட்ஸ்வொர்த்)

சான்றிதழ் மட்டும் போதாது. 18 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், நிரந்தரப் பராமரிப்பு தேவைப்படுகிற அளவு கடுமையான குறைபாடு என்று மருத்துவ மதிப்பீடு சொல்ல வேண்டும், பெற்றோர் வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, இரவில் விழித்திருப்பது என்று நீங்கள் தினமும் செய்வதை எழுதி எடுத்துப்போங்கள். மறுத்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.