அந்தச் செருப்பைக் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 57. மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். பக்கிள் வைத்த பிளாஸ்டிக் செருப்பென்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். முன்பக்கம் வலை பின்னினாற்போல், விரல் தெரிய இருக்குமே, அதேதான். கடைக்கும் கோயிலுக்கும் அதைத்தான் போடுவேன். போன மாதம் மகள் என்னைக் கேட்காமல் அதைக் குப்பையில் போட்டுவிட்டாள். "கல்யாணத்துக்கும் இதையா போட்டுக்கொண்டு வருவாய், மானம் போகிறது" என்கிறாள். எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. டாக்டரும் அந்தச் செருப்பு வேண்டாம் என்கிறார். ஒரு செருப்புக்கு இத்தனை எதிரிகளா? நான் செய்வது அசட்டுத்தனமா?

பதில்: கேட்காமல் எடுத்துக் குப்பையில் போட்டது தப்பு. உங்கள் மகள் இதைப் படித்தால் படிக்கட்டும். தைப்பூசத்தில் ஆணிச் செருப்பில் நடந்து வருகிறவரைக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர் இது. பிளாஸ்டிக் செருப்பைப் பார்த்து மானம் போகிறதாம்!

ஆனால் தங்கச்சி, மகள் மேல் வந்த கோபத்தில் டாக்டரையும் அவளோடு சேர்த்துவிட்டீர்கள். மகளுக்கு ஊர் என்ன சொல்லுமோ என்று கவலை. டாக்டருக்குக் கவலை உங்கள் குதிகாலைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

அந்தச் செருப்பின் மேல் எனக்கும் ஆசை உண்டு. மாயெபூர் திங்கட்கிழமைச் சந்தையில் அம்மா வாங்கித் தருவார். பட்டை அறுந்தால் தூக்கிப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பழைய கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து எடுத்து, உருகினதை விரலால் சேர்த்து அழுத்துவார். சர்ரென்று புகை வரும், வீடெல்லாம் நாறும். ஒட்டின இடம் கறுப்புத் தழும்பாக நிற்கும். அது கணுக்காலில் உரசி உரசி என் காலிலும் ஒரு தழும்பு. (இந்த வைத்தியத்தை நீங்கள் செய்ய வேண்டாம், அந்தப் புகை ஆகாது.) மழையில் நனைந்து வகுப்பறைக்குள் நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போட்டு டீச்சரிடம் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் மகளிடம் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். இந்தச் செருப்பு பிறந்தது பிரான்ஸில், ஓவர்ன் பக்கம், 1946இல். சண்டை முடிந்து தோலுக்குத் தட்டுப்பாடாக இருந்த நேரம். ஜான் தோஃபான் என்பவர் பி.வி.சி. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்தார். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'மெதூஸ்' என்பார்கள், அதாவது ஜெல்லி மீன். பிற்பாடு 1979இல் பிரேசிலில் 'மெலிசா' என்ற பெயரில் இதே மாதிரிச் செருப்பு ஃபேஷனாகவே வந்தது. இன்றைக்கும் நல்ல விலைக்கு விற்கிறது. கடைக் கண்ணாடிக்குள் இருந்தால் ஸ்டைல், அம்மா காலில் இருந்தால் அவமானம் என்பது எந்த ஊர் நியாயமோ!

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருவோம். இதில் நான் அவர் கட்சி. சர்க்கரை வருடக்கணக்கில் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையலாம். பிளாஸ்டிக்குக்குள் காற்று போகாது. வியர்வை அங்கேயே நின்று தோல் ஊறிப்போகும், பட்டை உரசுகிற இடத்தில் கொப்புளம் கிளம்பும். உணர்ச்சியுள்ள கால் என்றால் 'ஸ்' என்று கழற்றிவிடுவோம். வலி தெரியாத கால் அந்தக் கொப்புளத்தோடேயே கடை, கோயில் எல்லாம் சுற்றிவிட்டு வரும். ராத்திரி பார்த்தால் புண். சர்க்கரைக் காலில் புண் ஆறுவது எவ்வளவு பாடு என்று நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டாம், வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறோம். அதனால் கடைக்கும் கோயிலுக்கும் மெத்தென்ற அடியும் காற்றோட்டமும் உள்ள செருப்புதான். அதற்காகச் சவாத் லெபோன்ஸுக்கு, அதுதான் விரலிடுக்கில் பட்டை வருகிற ரப்பர் செருப்புக்கு, மாறிவிடாதீர்கள். விரலிடுக்கில் அறுக்கும், அது இன்னும் மோசம்.

பிளாஸ்டிக் செருப்பைக் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. வெறுங்காலோடு நீங்கள் தண்ணீரில் இறங்கவே கூடாது. உடைந்த பவளம், கடல் முள்ளெலி, மத்தியானத்தில் கொதிக்கிற மணல், எல்லாவற்றுக்கும் ஏற்றது அந்தச் செருப்பு. லாஃப் என்கிற விஷக் கல்மீனுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும், அதன் முள் மெல்லிய அடியைத் துளைத்துவிடும். பாறைப் பக்கம் போகாமல் மணலில், காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடங்கள். குத்திவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைப்பார்கள், அந்த விஷம் சூட்டில் அடங்கும். ஆனால் சூட்டை உங்கள் காலால் பார்க்காதீர்கள், கூட இருப்பவர் கையால் பார்க்கட்டும். கரையேறியதும் செருப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை பாருங்கள். புண்ணாக ஒரு மணல் பொடி போதும்.

செருப்பையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டாலும் கார் டிக்கியில் விட்டாலும் பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்துவிடும். அப்புறம் மஞ்சளாகி, விறைத்து, பட்டென்று வெடிக்கும். வெடித்த ஓரம் பிளேடு மாதிரி, ஒட்டப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு மகள் பேச்சைக் கேளுங்கள். பட்டுப் புடவைக்குக் கீழே அது கொஞ்சம் அப்படித்தான் தெரியும், ஆசையிருக்கிற நானே சொல்கிறேன். அதற்குப் பதிலாக அவள் எறிந்த ஜோடியை அவளே வாங்கித் தரட்டும். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போங்கள், அந்நேரம் கால் லேசாக வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, வார்ப்பு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிறம் உங்கள் இஷ்டம். அதில் மட்டும் மகளை வாய் திறக்க விடாதீர்கள்.